தாலாட்டுக்கு ஒன்ஸ்மோர்

பாடுகிறவனுக்கு ஒரு பாட்டு ஓகோவென்று எடுபட்டுவிட்டால் அதைவிடப் பெரிய சனியன் வேறில்லை. எடுபடாத பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்கலாம். எடுபட்டது விடாது. சாகிறவரைக்கும் சோறு போடும்; சாகிறவரைக்கும் வேறு எதையும் நிம்மதியாகப் பாடவும் விடாது.

நேற்று டெலிவிஷனில் ஒரு வயதான பாடகர் மேடையில் உட்கார்ந்து ஏதோ நல்லதாகத்தான் பாடிக்கொண்டிருந்தார். கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒருவன் எழுந்து அவருடைய பழைய சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டான். உடனே அரங்கமே சேர்ந்து கத்தியது. அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அதைப் பாடினார். "இவ்வளவு வயசுக்கும் பேருக்கும் அப்புறமும் இவருக்கு அந்த ஒரு பாட்டு வேண்டியிருக்கா?" என்று பக்கத்திலிருந்த என் மகன் கேட்டான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. என் அத்தான் முகத்தில் அதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காளைக் கட்டியவர். நாஞ்சில் நாட்டு ஊர்களில் கொடை என்கிற கோயில் திருவிழா நடக்கும்போது அம்மன் முன்னால் உட்கார்ந்து வில்லுப்பாட்டுப் பாடுகிறவர். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பங்குனியில் தொடங்கிச் சித்திரை கடைசி வரை ஒவ்வொரு ஊராகக் கொடை வரும். மற்ற மாதங்களில் நாங்களும் எல்லோரையும் போல மண்வெட்டியும் கையுமாக இருந்தவர்கள்தான். வில்லின் நடுவில் அத்தான். ஒரு பக்கம் உடுக்கையும் தாளமும். இன்னொரு பக்கம் நான். நான் குடம் அடிப்பவன். வில்லை மண்குடத்தின் கழுத்தில் சேர்த்துக் கட்டி, கமுகம்பாளையில் செய்த மட்டையால் குடத்தின் வாயில் அடிக்க வேண்டும். அத்தான் பாடுவதற்கெல்லாம் 'ஆமா' போடுவதும் என் வேலையே.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. பாட்டுக்கு நடுவே குடம் உடைந்தால் பாடுகிறவனுக்கு ஆகாது என்பார்கள். அதனால் குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பேன், வீட்டுக்குக் கொண்டு வந்து தட்டிப் பார்ப்பேன், கோயிலில் கட்டுவதற்கு முன்னாலும் தட்டிப் பார்ப்பேன். "லேய், இப்பிடித் தட்டித் தட்டியே நீ ஒடச்சிருவ போலிருக்கே" என்று அத்தான் கேலி செய்வார். அவர் கேலி செய்துகொண்டிருந்த நாட்களெல்லாம் நல்ல நாட்கள்.

தோவாளைப் பக்கம், பெரிய குளத்தை ஒட்டிய ஓர் ஊரில்தான் வருஷத்தின் முதல் கொடை. அங்கே உள்ள அம்மன் ஒரு காலத்தில் அந்த ஊருக்கு வாழ வந்த மருமகள். மழைக்காலத்தில் குளம் கரைபுரண்டபோது ஊரே மண் சுமந்தது. அவளும் போனாள். கரையிலிருந்த புன்னை மரத்தில் சேலையால் தொட்டில் கட்டி, கைப்பிள்ளையைப் போட்டுத் தாலாட்டுப் பாடி உறங்க வைத்துவிட்டு மண் சுமக்கப் போனாள். அந்த இடத்திலேயே கரை உடைந்தது. மரத்தோடு தொட்டிலும் போய்விட்டது. பின்னாலேயே அவளும் குதித்துவிட்டாள். இதுதான் கதை. இதைக் காலையில் தொடங்கி, உச்சிப் பொழுதுக்கு அவள் சாகும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். உடனே வரத்துப் பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அம்மன் கோமரத்தாடி மேல் இறங்குவாள். கோமரத்தாடி என்பவர் சாமி வந்து ஆடுகிறவர். உச்சி சாய்வதற்குள் அவள் வரவில்லை என்றால் கொடை முறிந்தது என்று அர்த்தம். அந்த வருஷம் குளக்கரைக்கு யார் பொறுப்பு என்று ஊர் நடுங்கும். கொடை முறியப் பாடினவனை அதற்குப் பிறகு எந்த ஊரும் கூப்பிடாது.

சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம் அக்காளின் பிள்ளை இறந்துபோனான். ஆண்பிள்ளை, தவழ்ந்து பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தான். கார்த்திகை மாத மழையில் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டது. கோட்டாற்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது துணியில் சுற்றித்தான் கொண்டு வந்தோம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன். அக்காள் அவனை உறங்க வைக்க வேறு தாலாட்டு எதுவும் பாடியதில்லை. அத்தான் வில்லில் பாடும் அந்த அம்மன் கதைத் தாலாட்டைத்தான் அதே மெட்டில் பாடுவாள். "சாகப் போற புள்ளைக்குப் பாடுனத ஏன்டீ பாடுக?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொல்லாமலில்லை. "அம்மன் பாடுன பாட்டு, அதுக்கென்ன?" என்பாள்.

அடுத்த பங்குனியில் அந்தக் கொடை வந்தது. அத்தான் கதையைத் தொடங்கினார். எனக்குக் கை வேலை செய்துகொண்டிருந்ததே தவிர, மனசு முழுக்க அந்தத் தாலாட்டின் மேலேயே இருந்தது. இவர் அதை எப்படிப் பாடப் போகிறார், நடுவில் உடைந்து போனால் என்ன செய்வது என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு அடித்தேன். தொட்டில் கட்டும் இடம் வந்தது. அத்தான் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வீசுகோலால் வில் நாணை இரண்டு மூன்று வட்டம் சும்மா அடித்தார். பிறகு திடீரென்று, காலையில் நாங்கள் வரும் வழியில் சந்திப்புக் காப்பிக்கடையில் கோளாம்பி என்கிற ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்த புதுச் சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்து, பழைய தாலாட்டு வார்த்தைகளை அதற்குள் போட்டுப் பாடினார். துள்ளலான மெட்டு. நான் திகைத்துப் போனேன். ஆனாலும் என் கை தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

பின்னால் நின்ற இளவட்டங்கள் விசிலடித்தார்கள். பந்தலே கைதட்டியது. யாரோ ஒருவன் நாடகக் கொட்டகையில் கத்துகிற மாதிரி "ஒன்ஸ்மோர்" என்றான். அத்தான் மறுபடியும் பாடினார். உச்சிக்கு அம்மனும் வந்தாள். அந்த வருஷம்தான் பழைய கோமரத்தாடி இறந்து, அவருடைய மகன் முதல்முதலாக அம்மன் முன்னால் வந்து நின்றான். புது ஆள், அம்மன் வருவாளோ மாட்டாளோ என்று ஊருக்கே சந்தேகம் இருந்தது. வந்துவிட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

திரும்பி வரும்போது வயல் வரப்பில் வைத்து அத்தான் சொன்னார்: "அந்த மெட்டு வாய்க்கு வந்தாலே நெஞ்ச அடைக்கி மாப்ளே. ஒன் அக்கா தொட்டில ஆட்டிட்டு இருக்கது மாதிரியே இருக்கு. என்னால ஒக்காது. அதுனாலதான் கையில கெடச்சத எடுத்துப் போட்டேன்."

கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டது நாஞ்சில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சித்திரைக்குள் எல்லா ஊரிலும் "தாலாட்டுப் பாடுக அண்ணாவி" என்றால் அத்தான்தான். வில்லுக்குத் தலைவரை அண்ணாவி என்போம். வேறு அம்மன் கதை பாடப் போனாலும், பிள்ளையே இல்லாத கதை பாடப் போனாலும், அந்தத் தாலாட்டைப் பாடியாக வேண்டும். ஒரு மாடன் கோயிலில் கதைப்படி சண்டை நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தித் தாலாட்டுக் கேட்டார்கள். அத்தான் வாளை உறையில் போட வைத்து, எதிரிக்கு ஒரு பிள்ளையைக் கற்பித்து, அதைத் தொட்டிலில் போட்டுப் பாடினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன்.

திருவட்டாறு பக்கத்திலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டார்கள். அங்கே மலையாளம் கலந்து பேசுகிற கிழவர்கள்கூட "ஆ தாலாட்டு, ஆ தாலாட்டு" என்றார்கள். தாலாட்டு முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து சர்பத்துக் கடைக்குப் போய்விடும். அம்மன் சாகிற இடத்தை மீதிப் பேருக்குப் பாட வேண்டும். முப்பது வருஷமாகப் பாடுகிறவர் அத்தான். கதை கதையாக நெஞ்சில் வைத்திருந்தார். அவற்றை யாரும் கேட்கவில்லை. வருஷம் போகப் போக அவருக்கு அந்தப் பாட்டே வெறுத்தது. "ஒன்ஸ்மோர்" என்று யாராவது கத்தினால் கன்னத்தில் ஒரு சதை இழுத்துக்கொள்ளும். மேலே அந்தச் சிரிப்பு இருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும். அதை அடிக்கும்போது மட்டும் எனக்குப் பயம் இருக்காது. கூட்டம் நம் பக்கம் என்று தெரியும். குடம் உடைந்தால்கூடக் கைதட்டுவார்கள்.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கடைசி வருஷங்களில், ஒரு மாசி மாதக் காலையில் அத்தான் வில்லுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசம் தாலாட்ட பழைய மெட்டுலதான் பாடப் போறேன்."

அக்காள் அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வாரம்தான் அந்தக் குளத்தங்கரை ஊரின் முதலடி, அதாவது ஊர்க்காரியம் பார்க்கிறவர், சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "ஓய், இளவட்டப் பயலுக வேற செட்டு கூப்பிடணும்னு நிக்கானுவ. ஆர்மோனியம் வச்ச செட்டாம், பாட்டுக்குப் பாட்டு சினிமா மெட்டாம். நான்தான் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். தாலாட்ட நல்லா நீட்டிப் பாடச் சொல்லும், என்னா?" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

இதை அத்தானிடம் சொன்னேன். அவர் அசையவில்லை.

"அம்மன் முன்ன ஒக்காந்து டாக்கீஸ் பாட்டுப் பாடிட்டு இருக்கேன் மாப்ளே. ஒரு வருசமா, ரெண்டு வருசமா? அண்ணைக்கி நெஞ்சடச்சுது, பாடுனேன். அவ பொறுத்துக்கிட்டா. அதுக்குன்னு காலம் பூரா ஏமாத்தவா? நாளைக்கி மேல போனா என்ன சொல்லுவேன்?"

"மேல போறத அப்பொறம் பாப்போம் அத்தான். சித்திரைக்குப் போகாண்டாமா? அந்த ஊரு போச்சுன்னா எல்லா ஊரும் போச்சு."

"போனா போட்டு."

அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இஞ்ச பாருங்க, எதுனாலும் பாடுங்க. அந்தப் பழைய மெட்டு மட்டும் வேண்டாம்."

"நீயுமா? ஒனக்கும் விசிலடிச்சாத்தான் பாட்டா?"

அவள் உள்ளே போய் மறுபடி தேங்காயை எடுத்தாள். அவளும் என்னைப் போலவே ஊர்கள் கைவிட்டுப் போவதை நினைத்துத்தான் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு கொடை வருகிறவரை ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொடையன்று வெயில் ஏறுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். குருத்தோலைத் தோரணம், வாழை, கமுகம்பூக் குலைகள், மஞ்சள் நீர்க் கொப்பரை எல்லாம் தயாராக இருந்தன. காப்பிக்கடைக் கோளாம்பி இப்போது கோயில் பந்தலுக்கே வந்துவிட்டது. நாங்கள் வில்லைக் கட்டி முடிக்கிறவரை சினிமா இசைத்தட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டாற்றில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன், அந்த ஊர் இளவட்டங்களுக்கெல்லாம் தலைவன், வெள்ளைச் சட்டையும் வாரிய கிராப்புமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"அண்ணாவி, தாலாட்டு எப்பம் வரும்?" என்று கேட்டான்.

"பிள்ள பொறந்த பொறவு வரும்" என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் உள்ளங்கை வியர்த்து மட்டை வழுக்கியது.

கோமரத்தாடி அம்மன் பீடத்துக்குப் பக்கத்தில் குளித்த ஈரத்தோடு நின்றார். நாற்பது வயது இருக்கும். முறுக்கு மீசை, ஏர் பிடித்துக் காய்த்த கை. சாதாரண நாட்களில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர். சிவப்புப் பட்டும் அரளி மாலையும் சாத்தியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

கதை நன்றாகவே போயிற்று. கல்யாணம் ஆயிற்று, மருமகள் வந்தாள், பிள்ளை பிறந்தது, மழை பிடித்தது. புன்னை மரத்தில் சேலை கட்டும் இடம் வந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சர்பத்துக் கடையில் நின்றவர்கள்கூட உள்ளே வந்தார்கள். முன்வரிசை இளைஞன் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் பிரித்து வைத்திருந்தான். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டி, வேண்டாம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பழைய மெட்டை எடுத்தார்.

அந்தத் தாலாட்டை நான் அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று பாடிய மாதிரி கேட்டதில்லை. மெதுவாக நடக்கிற மெட்டு. கடைசி அடியில் குரல் இறங்கி, மூச்சு மட்டும் பாடுகிற மாதிரி நிற்கும். குடத்துக்கு அங்கே வேலையே கிடையாது. நான் குடத்தின் வாயை மட்டையால் பொத்திக்கொண்டு இருந்தேன். அக்காள் தொட்டிலோடு என் மனக்கண்ணில் வந்து நின்றாள். அத்தானின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. முழுக்கப் பாடி முடித்தார்.

கைதட்டல் இல்லை. பின்னாலிருந்து ஒருவன், "மெட்ட மாத்தும்வே" என்றான். இன்னொருவன், "அண்ணாவிக்கு வயசாயிட்டு, மெட்டு மறந்து போச்சு" என்றான். ஒரு சிரிப்பு எழுந்தது. முன்வரிசை இளைஞன் பிரித்து வைத்த கையை மடியில் போட்டுக்கொண்டான். கிழவிகள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்; அது அழுகையா சளியா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் எதையும் காதில் வாங்காமல் கரை உடைகிற இடத்துக்குப் போய்விட்டார். தொட்டில் போயிற்று. அவள் குதித்தாள். வரத்துப் பாட்டை எடுத்தார். நானும் உடுக்கையும் தாளமும் உயிரைக் கொடுத்து அடித்தோம். குலவைச் சத்தம் எழுந்தது. எல்லோரும் கோமரத்தாடியைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணை மூடியபடி நின்றார். ஒரு விரல்கூட அசையவில்லை.

வரத்தை இரண்டாம் முறை பாடினார். பூசாரி சாம்பிராணியை அள்ளிப் போட்டார். கமுகம்பூக் குலையை மஞ்சள் நீரில் முக்கிக் கோமரத்தாடி முகத்தில் அடித்தார்கள். நீர் வழிந்ததே தவிர வேறொன்றும் இல்லை. பந்தல் கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள் சுருண்டுவிட்டது. இனி அது கிழக்கே நீளத் தொடங்கினால் உச்சி சாய்ந்தது. அத்தான் மூன்றாம் முறையும் பாடினார். குடத்தின் உள்ளே ஏதோ 'கிர்' என்று கேட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. அம்மா தாயே, இதுவும் வேண்டுமா என்று நடுங்கினேன். கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷ மழையில் குளக்கரை நிற்காது என்று ஒருத்தி அழத் தொடங்கினாள்.

முதலடி வில்லுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆரோ தீட்டோட இருக்கியோ. ஆருண்ணு சொல்லுங்க."

அவர் எல்லோரையும் பொதுவாகத்தான் கேட்டார். ஊர் எங்களைப் பார்த்தது. அத்தான் வீசுகோலை மடியில் வைத்துவிட்டுக் குனிந்திருந்தார். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏமாற்றியதற்கெல்லாம் சேர்த்து அவள் இன்றைக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார். பாவம், நல்லதைச் செய்யப் போன நாளில் இப்படி வந்து மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது. கோபப்பட்டதற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கோமரத்தாடி கண்ணைத் திறந்தார். சாமிக் குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். வெட்கப்பட்டுக்கொண்டு, பந்தலுக்குக் கேட்கக்கூடாது என்கிற மாதிரி பேசினார்.

"அண்ணாவி, தப்பா நெனைக்கப்பிடாது. வருசா வருசம் ஒரு தாலாட்டு பாடுவீருல்லா, அத ஏன் இன்னிக்கிப் பாடல்ல?"

"பாடுனனே."

"இது இல்ல. அந்த மத்தது. எனக்கு வரத்து கேட்டு வாறது இல்ல. அந்தத் தாலாட்டுலயே காலுலேர்ந்து வெறையல் ஏறிரும். வந்த நாள் முதலே அப்பிடித்தான். ஒங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாலாட்டின்போது நாங்களும் ஊரும் விசிலையும் கைதட்டலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பீடத்துப் பக்கம் யார் பார்த்தது? புதுக் கோமரத்தாடியாக அவர் வந்து நின்ற நாளில்தான் அந்தச் சினிமா மெட்டும் வந்தது. அவருக்கு அம்மன் மெட்டு என்றால் அதுதான். பழைய மெட்டைக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்துதான் கேட்டிருப்பார்.

அத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீசுகோலை எடுத்தார். நான் தாளத்தைப் பிடித்துக் கொடுத்தேன். செத்துப்போன அம்மனை மறுபடி எழுப்பி, உடைந்த கரையை மறுபடி கட்டி, புன்னை மரத்தில் மறுபடி சேலை கட்டினார். சினிமா மெட்டில் தாலாட்டைத் தொடங்கினார்.

யாரும் விசிலடிக்கவில்லை. முன்வரிசை இளைஞன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான். இரண்டாவது அடியிலேயே கோமரத்தாடியின் முழங்கால் ஆடத் தொடங்கியது. மூன்றாவது அடியில் அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளே பிள்ளை கிடக்கிற மாதிரி மடக்கி, அந்தத் துள்ளல் தாளத்துக்கே ஆட்டினார். மீசைக்கார மனிதர் தாயாகிவிட்டார். குலவை வானத்தைப் பிளந்தது. அம்மன் நேராக வில்லை நோக்கி வந்து, அத்தான் முகத்துக்கு நேரே நின்றாள்.

"பாடு மக்கா" என்றாள். "இன்னொரு வட்டம் பாடு."

அத்தான் பாடினார். கண்ணீர் வாய்க்குள் இறங்கியது; துடைக்கக் கையில்லை, பாடிக்கொண்டே இருந்தார். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டு அவள் குளத்துப் பக்கம் ஆடிப் போனாள். நிழல் கம்பத்தின் காலிலேயே நின்றது. கொடை முறியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் இளவட்டங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மனுக்கே நம்ம பாட்டுதான் புடிக்கி, பாத்தியளா" என்று வந்து வந்து சொன்னார்கள். முதலடி அடுத்த வருஷத்துக்கும் அங்கேயே வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட்டார். நான் வயிறார உண்டேன். எத்தனை நாள் பசி! அத்தான் இலையைத் தொடவில்லை.

திரும்பி வந்து வீட்டுப் படியில் வில்லை இறக்கி வைத்ததும் அத்தான் சொன்னார்.

"இவ்வளவு காலம் பாடி என்னத்துக்கு மாப்ளே? மனுசன் டாக்கீஸ் பாட்டு கேட்டா சரி, போறான்னு விடலாம். அவளும் கேட்டா நான் என்னத்துக்கு? கோளாம்பிய வச்சிட்டுப் போயிரலாமே."

அக்காள் கதவைத் திறந்துகொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. உலையில் அரிசி போடவே மறந்திருந்தாள். அத்தான் உள்ளே போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். நான்தான் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பழைய மெட்டில் பாடியது, அவள் வராமல் நின்றது, கோமரத்தாடி கேட்டது, பிறகு வந்தது. கோமரத்தாடி புது ஆள், அவருக்குப் பழக்கமானது அந்த மெட்டுதான் என்று காரணமும் சொன்னேன். அத்தான் வருத்தப்பட இதில் ஒன்றுமில்லை என்று காட்டத்தான் அதைச் சொன்னேன்.

அக்காள் அத்தானைப் பார்த்துச் சொன்னாள்:

"அதுக்குத்தானே அந்த மெட்டு வேண்டாம்னேன். நாம ரெண்டு பேரும் அத வீட்டுல வாய் தொறந்து பாடி எத்தன வருசமாச்சு? அம்மனும் புள்ளயப் பறிகுடுத்தவதானே. அவ மட்டும் எப்பிடிக் கேப்பா?"

அதற்கு முன் காலங்காலமாகப் பழைய மெட்டில்தானே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடமா அது? அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளை போன அன்று அழாத மனிதர், வீட்டுச் சுவர் அதிர அழுதார். அக்காள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் போய் அடுப்பைப் பற்ற வைத்து, உலையில் அரிசியைப் போட்டேன்.